அகித்தோப்பேலின் கல்லறை

ஜனவரி மாதத்தில் மிஷன் ஆஸ்பத்திரி வார்டுகளுக்குள் போனால் ஏறக்குறைய எல்லாக் கட்டில்களின் தலைமாட்டிலும் ஒரு வாக்குத்தத்த அட்டை சாய்ந்து நிற்கும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் பார்க்க வந்த சபையார் வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். ரோஜாப்பூவோ சூரியோதயமோ அச்சிட்ட அந்த அட்டைகளில் சுகம், நீடித்த ஆயுசு, ஜெயம் இவற்றைப் பற்றிய வசனங்களே அதிகம். தெற்கே நான் சாப்ளினாக இருந்த ஆஸ்பத்திரியில், புற்றுநோய் முற்றிய நிலையில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் படுத்திருந்தார். நான் போய் நின்றதும் அவர் ஜெபிக்கச் சொல்லவில்லை. "ஐயா, அந்த அட்டையை எடுத்து டிராயர்ல வச்சிருங்க. வாறவங்க எல்லாரும் அதைப் பாத்து எனக்கு வாசிச்சுக் காட்டுறாங்க. நான் ஆமென் சொல்ல வேண்டியிருக்கு" என்றார்.

எடுத்து வைத்தேன். ஆற்றுப்படுத்தும் பணியில் இறையியலுக்கு என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் அந்த டீச்சரைத்தான் முதலில் நினைப்பேன். ஞாயிறு பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர். விசுவாசத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பயமாக இருக்கிறது, கடவுள்மேல் கோபமாக இருக்கிறது என்று சொல்லத்தான் அவருக்கு இடம் இல்லாமல் இருந்தது. நான் சங்கீதம் 88-ஐ எடுத்து மெதுவாக வாசித்தேன். சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீட்டுப் பாடல்கள். அநேகமாக எல்லா முறையீடும் அழுது தீர்த்தபின் கடைசியில் நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். 88 திரும்புவதில்லை. கூப்பிட்டும் பதில் வராத ஒருவனுடைய குரலாகத் தொடங்கி இருட்டிலேயே நின்றுபோகிறது.

"இதுவும் பைபிள்லயா இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு டீச்சர். ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்துல பெரிய வெள்ளி சாயங்காலத்துக்குக் குறிச்சிருக்கிற சங்கீதங்கள்ல இது ஒண்ணு."

"இன்னொரு தடவை வாசிங்க."

இரண்டாம் முறை வாசித்து முடித்ததும் பேச ஆரம்பித்தார். மூச்சுத் திணறிச் சாவோமோ என்ற பயம், கல்யாணமாகாத மகளை யாரிடம் விட்டுப்போவது என்ற கவலை, சுகமாகிவிடும் என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போன ஒரு ஊழியக்காரர்மேல் இருந்த ஆத்திரம், எல்லாம் வந்தது. மூச்சுத் திணறலைப் பற்றி டாக்டரிடம் பேசினோம். மார்பின் கொடுத்து அதைத் தணிக்க முடியும் என்று டாக்டரே வந்து உட்கார்ந்து விளக்கினார். அன்று இரவு டீச்சர் தூங்கினார் என்று மறுநாள் நர்ஸ் சொன்னார்.

இந்த வேலைக்கென்று ஒரு பயிற்சிமுறை இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். 1920-ல் அவருக்கே புத்தி பேதலித்து மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்தார். வெளியே வந்தவர் 1925-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் மனநோய் மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துப்போய் நோயாளிகளோடு பழகவிட்டார். புத்தகங்களைப் படிப்பதுபோலவே துன்பப்படுகிற மனிதரையும் கவனமாக, அவசரப்படாமல் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த வழியில் வந்த பயிற்சியில், நோயாளியோடு நடந்த பேச்சை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதிக் குழுவின் முன் வாசிக்க வேண்டும். எங்கள் ஆசிரியர் ஜெபம் வருகிற இடத்தில் எல்லாம் நிறுத்துவார். "இந்த இடத்தில் ஜெபம் யாருக்குத் தேவைப்பட்டது, அவருக்கா உங்களுக்கா?" என்று கேட்பார். கேலியாக அல்ல, ஜெபத்தின்மேல் இருந்த மரியாதையால் கேட்பார். அழுகையை நிறுத்துவதற்கு ஜெபத்தைப் பயன்படுத்துவது ஜெபத்துக்கே அவமரியாதை என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்ததுவரை நல்ல ஆற்றுப்படுத்துநர்களாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது.

மனநல நிபுணர்கள் சிலர் கேட்பார்கள்: இவ்வளவும் கேட்பதும் உடனிருப்பதும்தானே, இதில் இறையியல் எங்கே வருகிறது? நான் கண்டதைச் சொல்கிறேன். என்னிடம் வந்தவர்களில் பலருடைய துன்பத்தின்மேல், வேதத்தின் பேரால் யாரோ ஏற்றிவைத்த பாரமும் உட்கார்ந்திருந்தது. உன் பாவத்தால் வந்தது, உன் அவிசுவாசத்தால் வந்தது, உன் தாத்தாவின் சாபத்தால் வந்தது. ஒரு உளவியலாளர் எவ்வளவு பரிவோடு "அப்படி எல்லாம் இல்லைம்மா" என்றாலும் அவர்களுக்கு அது செல்லாது. கடவுளின் பேரால் கட்டியதைக் கடவுளின் பேரால்தான் அவிழ்க்க முடியும். அதற்கு வேதத்தை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

எல்லோரிடமும் அது ஒரே விதமாக நடக்காது. பரிசுத்த ஆவிக்கு விரோதமாகத் தூஷணம் சொல்லிவிட்டேன், எனக்கு இனி மன்னிப்பே இல்லை என்று ஒரு பெண் வந்தாள். திருவிருந்து வாங்க முழங்காற்படியிடும் நேரத்தில், அவள் விரும்பாமலே கெட்ட வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. ஏற்கெனவே பல போதகர்களைப் பார்த்திருந்தாள். எல்லோரும் அன்பாகவே, நீ அந்தப் பாவத்தைச் செய்யவில்லை, செய்தவளாக இருந்தால் இப்படிக் கலங்கமாட்டாய் என்று சரியான பதிலைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சமாதானம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை. திரும்பவும் சந்தேகம், திரும்பவும் போன், திரும்பவும் அதே கேள்வி.

அது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவருக்கு இன்னும் ஒரு வாளி தண்ணீர் கொடுப்பதுபோல, இந்த நோயில் ஒவ்வொரு ஆறுதல் வார்த்தையும் அடுத்த சந்தேகத்துக்குத் தீனியாகிவிடும். மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். மாத்திரை தொடங்கியது. மருத்துவரும் நானும் அவளும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம்: அந்தக் கேள்விக்கு நான் இனிமேல் பதில் சொல்வதில்லை. ஏன் சொல்லமாட்டேன் என்பதை மட்டும் ஒரே ஒரு முறை விளக்கினேன். விசுவாசம் என்பது நிச்சயமாகத் தெரிந்த உணர்வு என்று உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், தெரியாத ஒன்றைத் தெரியாமலே அவரிடம் விட்டுவைப்பதும் விசுவாசம்தான் என்றேன். ஜான் பனியனைப் பற்றியும் சொன்னேன். நம் சபை வீடுகளில் அவர் எழுதிய மோட்சப் பிரயாணம் இல்லாத அலமாரி கிடையாது. அதைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடினார், 1894-ல் அது நூலாக வந்தது. அந்தப் பனியனுக்கே கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு என்ற எண்ணம் இரவும் பகலும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. 1666-ல் வெளிவந்த தன் வாழ்க்கைச் சரித்திரத்தில் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். "அவருக்குமா?" என்று கேட்டாள் அவள். அந்தக் கெட்ட வார்த்தைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரிடமும் நிச்சயம் கேட்காமல், திருவிருந்துக்குப் போய்த் திரும்பி வர அவளுக்குப் பல மாதங்கள் ஆயின. போய் வந்தாள்.

மாத்திரைக்கும் விசுவாசத்துக்கும் உள்ள சண்டை நம் சபைகளில் இன்னும் ஓயவில்லை. ஒரு உபதேசியாரின் மகன், எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தவன். காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. தகப்பனார் அவனை ஒவ்வொரு ஜெபவீடாகக் கூட்டிக்கொண்டு அலைந்தார். உபவாசம் என்று சாப்பாடு இல்லை, முழு இராத்திரி ஜெபம் என்று தூக்கமும் இல்லை. தூக்கம் கெடக் கெட அந்தக் குரல்கள் கூடும் என்பது யாருக்கும் தெரியவில்லை. இப்படிக் குணம் தேடிக் கொண்டுபோன இடத்தில்தான், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியில்லாமல் தீயில் வெந்துபோனார்கள். அது தர்காவை ஒட்டியிருந்த தனியார் காப்பகத்தில் நடந்தது. ஆனால் சங்கிலி எந்த ஒரு மதத்துக்கும் தனிச்சொத்து இல்லை என்பதைக் கிறிஸ்தவர்களாகிய நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"மாத்திரை போட்டா விசுவாசக் குறைச்சல் ஆயிராதா ஐயா?" என்று அந்தத் தகப்பனார் கேட்டார். கேட்டவர் வேதம் அறிந்தவர், அதனால் வேதத்திலிருந்தே பேசினேன். எசேக்கியா ராஜா சாகக் கிடந்து அழுகிறான். ஜெபம் கேட்கப்பட்டது, பிழைப்பாய் என்று தீர்க்கதரிசி சொல்லிவிடுகிறார். அப்படிச் சொன்ன அதே ஏசாயாதான் அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் மருந்து. எலியாவையும் சொன்னேன். சூரைச்செடியின் கீழ் படுத்துச் செத்தால் போதும் என்கிறார். தேவதூதன் கண்டிக்கவில்லை, உபதேசம் செய்யவும் இல்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், தூங்க விடுகிறான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். ஓரேபு மலைக்கு நடக்கிறதெல்லாம் அதற்கு அப்புறம்தான். உபதேசியார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் "எங்க கூட்டிட்டுப் போகணும்?" என்று கேட்டார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்துக்குப் போனார்கள். 1957-ல் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டு மருத்துவர் தொடங்கியது அது. நோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல் குடும்பத்தாரும் கூடவே தங்கிக் கவனிக்கிற முறை அங்கே ஆதியிலிருந்து இருக்கிறது. ஒரு வேலையாக வேலூர் போனபோது பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். உபதேசியார் மகனுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார். அவன் குடித்து முடித்ததும் டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தார். மாத்திரையைத் தன் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடி இரண்டு வரி ஸ்தோத்திரம் சொன்னார். அதன் பிறகுதான் மகன் கையில் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "சாப்பாட்டுக்குச் சொல்றதுதான் ஐயா" என்றார். மருத்துவமும் இறையியலும் எப்படிச் சேரும் என்று தடிமனான புத்தகங்கள் வந்திருக்கின்றன, அவற்றில் சில என்னிடமும் உண்டு. அந்த உள்ளங்கையைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

எல்லாக் குற்ற உணர்வும் நோய் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பியின் பங்கு நிலத்தைக் கையெழுத்து வாங்கித் தன் பேருக்கு மாற்றிக்கொண்டுவிட்டுத் தூக்கம் வராமல் வந்த ஒருவரிடம், உங்களை நீங்களே மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்த கதையைப் பேசினோம். பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய் வந்த பிறகு அவருக்குத் தூக்கம் வந்தது. பாவம் என்ற ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்கிற இடத்தில்தான் மன்னிப்பு என்ற ஒன்றும் கிடைக்கும். ஆற்றுப்படுத்துதலுக்குக் கிறிஸ்தவம் கொடுக்கக்கூடிய பெரிய காரியங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் தண்டனை என்ற பேச்சு வேறு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கன்னியாகுமரிக் கரையில் கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி ஊர்களைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. கும்பல் கும்பலாக அடக்கம் செய்தார்கள். மண் காய்வதற்குள் இது கடவுளின் நியாயத்தீர்ப்பு என்று பிரசங்கம் செய்தவர்களும் உண்டு. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் காதில் அது விழுந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசுவே மறுத்திருக்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றார். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் இதற்கு மாறாகப் பேச ஒருவருக்கு எப்படித் துணிவு வருகிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மகனைத் தற்கொலையில் இழந்த ஒரு அம்மாவை அவருடைய தங்கை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் கல்லூரியில் படித்தவன். ஏன் செய்தான் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அவர்கள் சபையில் அவனுக்கு மணி அடிக்கவில்லை. குருவானவர் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவும் மற்றவர்களும் இருக்கிற வரிசையில் இடம் கொடுக்காமல், சுற்றுச்சுவர் ஓரமாக முள் அடர்ந்த இடத்தில் அடக்கம் செய்தார்கள். பல வாரங்கள் அந்த அம்மா அவனைப் பற்றிச் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பர்ஸுக்குள் அவனுடைய பரீட்சை ஹால் டிக்கெட் நான்காக மடித்து இருக்கும். பேசும்போது எடுத்து விரிப்பார், போட்டோவைப் பார்ப்பார், அதே மடிப்பில் திரும்பவும் மடித்து வைப்பார். ஒரு நாள் மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "ஐயா, எம் மவன் எங்க இருக்கான்?"

அந்தக் கேள்விக்குள் நரகமும் இருந்தது, அந்தச் சுவர் ஓரமும் இருந்தது. நான் இரண்டு சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தைத் திறந்து, 23-ஆம் வசனத்தை அவரையே வாசிக்கச் சொன்னேன். தாவீதின் ஆலோசகனாக இருந்து அப்சலோமின் பக்கம் போன அகித்தோப்பேல், தன் யோசனை எடுபடாமல் போனதும் ஊருக்குத் திரும்புகிறான், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்துகிறான், நாண்டுகொண்டு சாகிறான். அவனைத் தகப்பனுடைய கல்லறையில் அடக்கம் செய்தார்கள் என்று வசனம் முடிகிறது. ஒரு கண்டனச் சொல் இல்லை. அந்த அம்மா விரலை வைத்து எழுத்துக்கூட்டுவதுபோல வாசித்தார். "தகப்பன் கல்லறையிலயா?" என்று நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்றேன். தன் பட்டயத்தின்மேலேயே விழுந்து செத்த சவுலின் எலும்புகளை யாபேஸ் ஊரார் எடுத்து ஒரு மரத்தடியில் அடக்கம் செய்து, அவனுக்காக ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். தூண்களைச் சாய்த்துத் தானும் சேர்ந்து செத்த சிம்சோனின் பெயர் எபிரெயர் நிருபத்தில் விசுவாச வீரர்களின் வரிசையில் இருக்கிறது. ரோமர் எட்டாம் அதிகாரத்தின் முடிவில், கடவுளின் அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க முடியாதவை என்று பவுல் போடுகிற பட்டியலில் முதலில் நிற்பது மரணம். இவற்றை எல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன்.

அப்படியானால் அந்தச் சுவர் ஓரம் எங்கிருந்து வந்தது என்று அவர் தங்கை கேட்டார். நல்ல கேள்வி. கி.பி. 410-ல் ரோம் நகரம் விழுந்த பிறகு அகுஸ்தீனார் தற்கொலை கூடாது என்று விரிவாக வாதிட்டார். ஆறாம் நூற்றாண்டில் சங்கங்கள் கூடி, அப்படிச் செத்தவர்களுக்குச் சடங்கு கூடாது என்று விதி எழுதின. 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கு முன்னே இருக்கிற சிறு குறிப்பு, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கு இந்த ஆராதனையை நடத்தக் கூடாது என்கிறது. நம் ஊர்ச் சபைகளுக்கு வழக்கம் அங்கிருந்து வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1917 சட்டத்தொகுப்பில் வைத்திருந்த தடையை 1983 தொகுப்பில் எடுத்துவிட்டது. அதன் 1992 மறைக்கல்வி நூல், கடும் மனக்கலக்கம் பொறுப்பைக் குறைக்கும் என்றும், இப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. நம் நாட்டிலும் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மாறாமல் நின்றது அந்தச் சுவர் ஓரம்தான்.

அந்த அம்மா வசனத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தரச் சொன்னார். பைபிளை எடுத்துக்கொண்டு சேகரக் கமிட்டிக்கே போய்விட்டார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுவதும் தெரியாது. குழியை இடம் மாற்றவில்லை. முள்ளை வெட்டிப் பாதை போட்டார்கள், பெயர் எழுதிய கல் வைக்க அனுமதித்தார்கள், வருஷ நினைவு நாளில் குருவானவர் வந்து ஆராதனை நடத்தினார். மணி அடித்தது.

உபதேசியார்களுக்கு வகுப்பு எடுக்கக் கூப்பிடும்போதெல்லாம் அகித்தோப்பேலின் அதிகாரத்தை இப்போதும் வாசிக்கச் சொல்கிறேன். ஒரு தடவை வயதான ஒருவர் எழுந்து, "நரகத்துக்குப் போவேன்ங்கிற பயம் இருந்தாத்தான் ஐயா பிள்ளைக செய்யாது. அந்தப் பயத்தையும் எடுத்துட்டா?" என்று கேட்டார். அக்கறையோடு கேட்டார், அதனால் அக்கறையோடு பதில் சொன்னேன். அந்தப் பயம் சிலரைத் தடுத்திருக்கலாம். நான் உட்கார்ந்து பேசியவர்களில் பலரை அது வாய் திறக்கவிடாமல்தான் செய்தது. போதகரிடம் சொன்னால் பாவி என்பார் என்று மறைத்தார்கள். உயிரைக் காப்பது வேறு காரியங்கள். சந்தேகம் வந்தால் நேராகக் கேட்க வேண்டும், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்த வேண்டும். இலங்கையில் 1990-களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்த பிறகு தற்கொலைகள் பெரிய அளவில் குறைந்திருக்கின்றன. ஆளைத் தனியே விடக் கூடாது. 104, 14416 உதவி எண்களைச் சட்டைப்பையில் எழுதி வைத்திருக்க வேண்டும். மருத்துவரிடம் கூடவே போக வேண்டும்.

"நேராவே கேக்கணுமா? எப்படி வாயில வரும்?" என்றார்.

இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கேட்டுப் பழகலாம் என்றேன். அவரே முதலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்த இளைஞரைப் பார்த்து, "தம்பி, செத்துப் போயிரலாம்னு நினைப்பு வருதா?" என்று கேட்டார். உடனே என் பக்கம் திரும்பி, "வருதுன்னு சொன்னா அடுத்து என்ன கேக்கணும்?" என்றார். மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனது. அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதிலேயே அன்றைய மீதி வகுப்பு போயிற்று.